அவசரப் பையும் உரிமத் துப்பாக்கியும்: சேர்வராயன் மலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

சேர்வராயன் மலையில் நாகலூருக்கு அப்பால், தார்ச்சாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு காபித் தோட்டத்து வீட்டில் 2024 டிசம்பர் 1ஆம் தேதி இரவு நடந்ததையும், அதன் பிறகு ஆபத்து வந்தால் தூக்கிக்கொண்டு கிளம்ப அந்த வீட்டில் வைத்திருக்கும் அவசரப் பையையும் உரிமத் துப்பாக்கியையும் எப்படி மாற்றியமைத்தோம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். வீட்டில் இருப்பவர்கள் இருவர்: 66 வயதுப் பெரியவர், 61 வயதான அவருடைய மனைவி; அவரை அம்மா என்றே குறிப்பிடுகிறேன். இருவரும் சம்மதம் தந்த பிறகே எழுதுகிறேன். பெயர்களையும் தோட்டத்தின் அடையாளத்தையும் விட்டுவிட்டேன். நான் தரைப்படையில் ஆயுதப் பணிமனையில் 17 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றுச் சேலத்தில் இருப்பவன். 2025 ஜனவரியில் பெரியவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, இந்த ரிவால்வர் ரொம்பக் கனமா இருக்குதுங்க. பையில வெக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லதுன்னு வந்து பாத்துச் சொல்லுங்க."

சின்னதாக எது நல்லது என்பதற்கு விடை இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் மலைக்குப் போய் மூன்று நாள் தங்கி, அந்த இரவில் யார் எங்கே நின்றார்கள், பை யார் கையில் இருந்தது என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிய பிறகு, துப்பாக்கியின் எடையில் சிக்கல் இல்லை, அது பைக்குள் இருந்ததில்தான் சிக்கல் என்று எனக்கு உறுதியாயிற்று.

அந்த இரவு

பெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து உள்மாவட்டங்களின் மேல் நகர்ந்தபோது சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் மழை கொட்டியது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. தோட்டத்து வீட்டில் மாலையிலேயே மின்சாரம் போய்விட்டது. கைப்பேசிச் சிக்னல் அதற்குப் பின் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தது. இரவு ஒன்பது மணி அளவில் சமையலறைக்குப் பின்னால் இருந்த கல் தடுப்புச் சுவர் சரிந்து, சேறு கொல்லைக் கதவு வரை வந்து நின்றது. வீட்டையும் கீழே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஆறு லைன் வீடுகளையும் காலி செய்துவிட்டுச் சாலையோரத்து அரசுப் பள்ளிக்குப் போய்விடலாம் என்று பெரியவரும், தொழிலாளர்களை மேற்பார்க்கும் மேஸ்திரியும் முடிவு செய்தார்கள். முடிவு சரியானது, எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கப்பட்டது.

முடிவு எடுத்த பிறகு வீட்டை விட்டு இறங்க 35 நிமிடம் ஆனது. அதில் 25 நிமிடத்துக்கு மேல் துப்பாக்கிக்காகச் செலவானது. ரிவால்வர் படுக்கையறை இரும்பு பீரோவின் உள் அறையில் இருந்தது. அதன் சாவி, தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தபோது இடம் மாறியிருந்தது. நான்கு கட்டை டார்ச்சின் மங்கிய வெளிச்சத்தில் இருவரும் இழுப்பறை இழுப்பறையாகத் தேடினார்கள். சாவி கிடைத்தது, ரிவால்வரும் 24 தோட்டாக்களும் பைக்குள் போயின, பை தோளில் ஏறியது. அதே நேரத்தில் அம்மாவின் தைராய்டு மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் சாப்பாட்டு மேசையின் மேலேயே இருந்தன.

இறங்கும் வழியில் ஒரு தொழிலாளி சறுக்கி விழுந்து கணுக்கால் பிசகிக்கொண்டார். அவரைத் தாங்கிப் பிடிக்கப் பெரியவரும் மேஸ்திரியும் பின்தங்கினார்கள். பெரியவர் பையைக் கழற்றி மேஸ்திரியின் மகனிடம் கொடுத்தார். அவனுக்கு வயது 17. அவன் அதைச் சுமந்துகொண்டு அம்மாவோடு முன்னால் நடந்து பள்ளிக்குப் போய், பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருந்த வகுப்பறையின் மூலையில் வைத்துவிட்டு, மற்றவர்களை அழைத்து வரத் திரும்பிப் போனான். பெரியவர் பள்ளிக்கு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிட்டது.

நடுவில் நடந்ததை அம்மா என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் ஒரே மாதிரி சொன்னார். பசித்த பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பையில் பிஸ்கட் இருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்துபோய் வெளி அறையின் ஜிப்பைத் திறந்தாள், பிஸ்கட் அகப்படவில்லை, உள் அறையின் ஜிப்பைத் திறந்தாள். "தோல் உறையோட மூக்கு வெளிய வந்துச்சுங்க. அப்பத்தான் எனக்கு நெனப்பு வந்துச்சு. ஓடிப்போய்ப் பையை மடியில வெச்சுக்கிட்டேன். விடியற வரைக்கும் எறக்கல." உள்ளே இருந்த ரிவால்வரில் ஆறு தோட்டாவும் போட்டிருந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த ஆய்வை எழுதக் காரணம் அதுதான்.

மேசையில் திறந்த பை

மறு மாதம் நான் போனபோது, அன்று எடுத்துப் போன பையை அப்படியே சாப்பாட்டு மேசையில் திறக்கச் சொன்னேன். மளிகைத் தராசில் வைத்தோம்: 13.4 கிலோ. பையை வாங்கி அனுப்பியவர் பெங்களூரில் இருக்கும் மகன். உள்ளே என்னென்ன வைக்க வேண்டும் என்று அவர் சேர்த்து அனுப்பிய பட்டியல் அமெரிக்காவின் நடைமுறையை ஒட்டியது. அங்கே பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச் சீட்டு இல்லாமலே வயது வந்தவர் கைத்துப்பாக்கியை உடன் கொண்டு போகலாம் என்பதால், அவசரப் பையில் சிறு துப்பாக்கியும் ஒரு பொருளாக எழுதப்படுகிறது. அந்த வரி சேலம் மாவட்டத்துக்கு அப்படியே வந்துவிட்டது.

பையில் ஆறு லிட்டர் தண்ணீர், இரண்டு கம்பளி, நிலப் பத்திரங்களின் மூலப் பிரதிகள் அடங்கிய தடித்த கோப்பு, எவர்சில்வர் டிபன் கேரியர், டார்ச், கயிறு, பிஸ்கட் இருந்தன. பிஸ்கட் அடியில் நொறுங்கிக் கிடந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இல்லை, மாத்திரை இல்லை, மூக்குக் கண்ணாடி இல்லை, சில்லறையாகப் பணம் இல்லை. ரிவால்வர், உறை, தோட்டா மூன்றும் சேர்ந்து 1.2 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரை விட அதிகம்.

ரிவால்வரை நான் தொடவில்லை. உரிமம் பெரியவர் பெயரில் இருக்கிறது. அவரே எடுத்து, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பூட்டை விடுவித்து மடக்கித் திறந்தார். கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர் அது; .32 என்பது குழல் துளையின் அளவு, அங்குலக் கணக்கில். வெப்ளி என்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வரின் வடிவத்தைப் பின்பற்றியது, நடுவில் மடிந்து திறப்பது, ஆறு தோட்டா கொள்வது. தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெள்ளைத் துண்டின் மேல் வைத்தார். தோல் உறையின் பக்கவாட்டு வளையங்களில் செருகியிருந்த தோட்டாக்களின் பித்தளையில், தோல் பட்ட இடம் மட்டும் வளையமாகப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. உறைக்குள் இருந்த குழலின் ஒரு பக்கத்தில் துரு புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதில் உள்ள அமிலம் பித்தளையைத் தின்னும். 1,500 மீட்டர் உயரத்தில், பாதி ஆண்டு பனிமூட்டம் நுழைந்து போகும் வீட்டில், தோல் உறையைக் காட்டிலும் துப்பாக்கிக்குக் கெட்ட இடம் கிடையாது. ஆபத்தில் உதவும் என்று நம்பி வைத்திருந்த பொருள், ஆபத்து நேரத்தில் வெடிக்காமலும் போகலாம் என்ற நிலையில் இருந்தது.

சட்டம் சொல்வது

இந்தியாவில் துப்பாக்கி உரிமம் ஒருவருக்குத் தரப்படுவது, ஒரு வீட்டுக்குத் தரப்படுவது அன்று. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி உரிமம் உள்ளவர் மட்டுமே வைத்திருக்கலாம். 9ஆம் பிரிவுப்படி 21 வயது நிரம்பாதவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. மனைவி என்பதால் விலக்கு இல்லை. பைக்குள் இருப்பது தெரியாமல் சுமந்த பையனைச் சட்டம் குற்றவாளியாகப் பார்க்காது. அறிந்து வைத்திருந்தால்தான் வைத்திருத்தல் ஆகும் என்று உச்ச நீதிமன்றம் 1972லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அம்மாவுக்குத் தெரியும். குழந்தையைக் காப்பாற்ற அவர் பையை மடியில் வைத்துக்கொண்ட அந்த நேரத்தில், தாயுள்ளம் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே, சட்டப்படி மிக மெல்லிய கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

இதைவிடவும் பெரியவரைக் கலங்கவைத்தது உரிமப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த நிபந்தனைதான். சந்தை, சமய ஊர்வலம், மக்கள் கூடும் பொது இடம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்குள் தனி அனுமதி இல்லாமல் ஆயுதத்தைக் கொண்டு போகக் கூடாது என்று அதில் இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கையில் இருந்த புத்தகம். அந்தப் பக்கத்தை அவர் படித்ததில்லை. நம் ஊரில் வெள்ளமோ மண்சரிவோ வந்தால் மக்கள் ஒதுங்கும் இடம் பள்ளிக்கூடம் அல்லது கல்யாண மண்டபம். அப்படியானால் அவசரப் பையில் இருக்கும் துப்பாக்கி, அந்தப் பை போய்ச் சேரும் இடத்தில் இருக்கவே கூடாத பொருள். இடுப்பு உறையில் பெரியவரே அணிந்து போனாலும் இதே தடை நிற்கும். நிபந்தனையை மீறினால் 30ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், உரிமமும் போகலாம்.

அவசரப் பை என்பது அதன் இயல்பிலேயே கைமாறும் பொருள். முன்னால் நிற்பவர் தூக்குவார், களைத்தவர் அடுத்தவரிடம் கொடுப்பார், பசித்த குழந்தை திறக்கும். அப்படிக் கைமாறினால்தான் அது பயன்படும். துப்பாக்கி கைமாறவே கூடாத பொருள். இரண்டையும் ஒரே ஜிப்புக்குள் வைத்தது தான் அந்த இரவின் எல்லாக் கோளாறுக்கும் வேர் என்பது என் முடிவு.

சின்னதாக எது

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உரிமத்தில் சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்கும் கைத்துப்பாக்கிகளில் .32 தான் பெரும்பாலும் பேசப்படுவது. 9 மில்லிமீட்டர் தடைசெய்யப்பட்ட அளவு, அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. 2014இல் கான்பூரில் வந்த நிர்பீக், டைட்டானியக் கலவையில் செய்த ஆறு தோட்டா .32 ரிவால்வர், ஏறக்குறைய அரைக் கிலோ. அடுத்த ஆண்டு ஈசாப்பூரில் வந்த நிடர் .22 அளவு, எட்டுத் தோட்டா, கால் கிலோ. 2023இல் கான்பூரின் அரசு நிறுவனம் வெளியிட்ட பிரபல், பக்கவாட்டில் சிலிண்டர் திறக்கும் .32 ரிவால்வர், 50 மீட்டர் வரை எட்டும் என்று சொல்லி வந்தது. எடை சுமார் 700 கிராம்.

எடை குறைந்தால் சுமப்பது எளிது, சுடுவது கடினம். அதே தோட்டாவை இலேசான துப்பாக்கியில் சுட்டால் உதைப்பு கூடும்; குறுகிய குழலில் குறி சிறிது பிசகினாலும் தூரத்தில் பெரிதாக விலகும். மணிக்கட்டு வலியுள்ள, ஆண்டுக்கு ஒரு முறைகூடப் பயிற்சிக்குப் போகாத 66 வயதுக்காரருக்கு நிர்பீக்கை விட அவர் கையில் இருக்கும் பழைய கனமான ரிவால்வரே ஏற்றது. .22க்கு இறங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிஸ்டல் இன்னும் தட்டையாகப் பையில் அடங்கும் என்பது உண்மை. ஆனால் தோட்டாக்கள் அடங்கிய மாகசீனைக் கழற்றிய பிறகும் குழலின் பின்னறையில் ஒரு தோட்டா தங்கலாம் என்பதை மறந்து நடந்த விபத்துகளைப் படையிலேயே பார்த்தவன் நான். ரிவால்வரை மடித்துத் திறந்தால் ஆறு ஓட்டையும் கண்ணுக்குத் தெரியும். முதியவர் வீட்டுக்கு அது பெரிய பாதுகாப்பு.

காட்டு மாடு வந்தால் என்ன செய்வது என்று மேஸ்திரி கேட்டார். இந்த மலையில் காபித் தோட்டத்துக்குள் காட்டு மாடு இறங்குவது புதிதன்று. ஒரு டன் வரை எடையுள்ள அந்த விலங்கை .32 தோட்டா நிறுத்தாது, வெறியேற்றும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. வெளிச்சமும் விலகி நிற்பதும்தான் வழி.

அடுத்து நான் பெரியவரிடம் கேட்டது, இந்த உரிமத்தை எதற்கு வாங்கினீர்கள் என்பது. முன்பெல்லாம் சனிக்கிழமைதோறும் சேலம் வங்கியிலிருந்து கூலிப் பணத்தை ரொக்கமாக ஜீப்பில் கொண்டு வருவாராம். 20 கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் அந்தி நேரத்தில் தனியாக வரும்போது துணைக்கு என்று வாங்கியிருக்கிறார். இப்போது கூலி நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் பெரும்பாலான உரிமதாரர்களைப் போல அவரும் ரிவால்வரை ஒப்படைத்து, ஜூனில் வாக்கு எண்ணிக்கை முடிந்த பின் திரும்ப வாங்கினார். "அந்த ரெண்டு மூணு மாசத்துல ஒரு ராத்திரிகூட அவர் அதைத் தேடலைங்க" என்றார் அம்மா. பெரியவர் மறுக்கவில்லை.

மாற்றியமைத்தது

புதிய துப்பாக்கி வேண்டாம் என்று முடிவாயிற்று. பழையதைச் சேலத்தில் உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் பெரியவரே கொண்டு போய்த் துரு நீக்கிச் சரிபார்த்து வந்தார். களிம்பேறிய தோட்டாக்களையும் அங்கேயே ஒப்படைத்தார். கெட்ட தோட்டாவைக் குப்பையிலோ கிணற்றிலோ போடக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். மலை வீடுகளில் அப்படிச் செய்ததைக் கேள்விப்பட்டிருக்கிறேன். மலைச்சரிவுக்கு எதிர்ப்பக்கத்தில், பாறையின் மேல் நிற்கும் முன்னறைச் சுவரில் சிறிய இரும்புப் பெட்டி ஒன்றைப் போல்ட் போட்டுப் பதித்தோம். ரிவால்வர் காலியாக, எண்ணெய் தடவி, பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு அதில் இருக்கிறது; தோட்டாக்கள் தனியே வேறு பூட்டில். தோல் உறை ஆணியில் வெறுமனே தொங்குகிறது. சாவி பெரியவரின் அரைஞாண் கயிற்றில்.

வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால் பெட்டியைத் திறப்பதில்லை. திரும்பி வந்து பார்க்கும்போது பெட்டி சேதமாகியிருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ அந்த நேரமே காவல் நிலையத்தில் தெரிவிக்க, துப்பாக்கி எண்ணும் உரிமத்தின் தனி அடையாள எண்ணும் எழுதிய அட்டை பணப்பையில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை எச்சரிக்கை முன்கூட்டியே வந்தால், ரிவால்வரை வணிகரிடம் பாதுகாப்புக்கு ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. பெரியவர் அதை யோசிக்கிறார்.

பையை இரண்டாகப் பிரித்தோம். பெரியவருடையது 5.6 கிலோ, அம்மாவுடையது 4.1 கிலோ. தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். மீதிக்குக் குளோரின் மாத்திரை, ஏனென்றால் மழையில் மலையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, குடிக்கும் தண்ணீருக்குத்தான் பஞ்சம். ஒரு வாரத்துக்கான மாத்திரைகள், நாள் வாரியாக, மருத்துவர் சீட்டின் நகலோடு. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஆறு. தலையில் மாட்டும் விளக்கு இரண்டு. இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது என்பேன், கை இரண்டும் காலியாக இருந்தால்தான் சேற்றில் பிடித்து இறங்க முடியும். மழைக்கோட்டு, மெல்லிய கம்பளிக்குப் பதில் ஆளுக்கொரு ஸ்வெட்டர், தார்ப்பாய் ஒன்று, விசில், 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க், பழைய மூக்குக் கண்ணாடி, அட்டைப் பூச்சிக்கு உப்பு, நூறும் ஐம்பதுமாக 3,000 ரூபாய். பத்திரங்களின் மூலப் பிரதிகள் சேலத்தில் வங்கி லாக்கருக்குப் போய்விட்டன. பையில் நகல் மட்டும். 112, 108, மாவட்டப் பேரிடர் எண் 1077 ஆகியவற்றோடு உறவினர் எண்களையும் காகிதத்தில் எழுதி வைத்தோம், கைப்பேசி அணைந்துவிட்டால் யாருக்கும் யார் எண்ணும் நினைவில் இருப்பதில்லை. பிஸ்கட்டும் கடலை மிட்டாயும் வெளி அறையில், எந்தக் குழந்தையும் திறந்து எடுக்கும்படி.

2025 செப்டம்பரில், தூறல் விழுந்த ஒரு மாலையில் ஒத்திகை பார்த்தோம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விசில் ஊதியதிலிருந்து படியிறங்கும் வரை நேரம் எடுத்தேன்: ஏழு நிமிடம். அம்மா தன் பையைத் தானே மாட்டிக்கொண்டு முதலில் இறங்கினார். பாதி வழியில் மேஸ்திரியின் மகனிடம் வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தார். அவன் வாங்கி மாட்டிக்கொண்டான், யாரும் எதையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர் முன்னறையில் பெட்டியின் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார், அதற்கு அரை நிமிடம்.

உரிமத்தின் காலம் முடியப் போகிறது. புதுப்பிப்பதா, அதோடு ஒப்படைத்துவிடுவதா என்பதில் இருவரும் இன்னும் ஒத்துப் போகவில்லை. அம்மா ஒப்படைத்துவிடச் சொல்கிறார். பெரியவர் விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்து, நிரப்பாமல், உரிமப் புத்தகத்தின் அந்த நிபந்தனைப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார்.